மூன்றாம் மாடியின் இருட்டறையை மூடாதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வருகிற ஜூன் முதல் நம் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில், மூன்றாம் பருவத்துக்கு உரிய ‘உலக சினிமா வரலாறு: 1940–1965’ என்னும் தாள் இருக்காது என்றும், அதன் சாரம் ‘திரைப்பட ரசனை’ என்னும் தாளின் இரண்டாம் அலகில் இரண்டு மணி நேர விரிவுரையாக இடம்பெறும் என்றும், அந்த விரிவுரைக்கு ஐந்து நிமிடங்களுக்கு மிகாத காட்சித் துணுக்குகள் போதும் என்றும் தங்கள் சுற்றறிக்கை கூறுகிறது. இந்தத் தாளைப் பதினோரு ஆண்டுகளாக நடத்திவரும் நான், அந்தச் சுற்றறிக்கையைத் துறை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில்தான் முதன்முதலாகப் படித்தேன். என்னிடமோ, இந்தத் தாளைப் படித்த மாணவர்களிடமோ எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வருத்தத்தை என்னால் விழுங்கிக்கொள்ள முடியும். முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களைத்தான் பேசாமல் ஏற்க முடியவில்லை.

கறுப்பு வெள்ளைப் படங்களை முழுநீளம் பார்க்கும் பொறுமை இன்றைய மாணவர்களுக்கு இல்லை, அந்தப் படங்கள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன, வேலைவாய்ப்புக்கு அவை உதவுவதில்லை என்று சுற்றறிக்கை சொல்கிறது. இதோடு, வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் படம் பார்க்கும் மூன்றாம் மாடி அறை குறுங்காணொளிப் பதிவு அரங்காக மாற்றப்படும் என்றும், அங்கே அலமாரியில் இருக்கும் டிவிடிகள் பயன்பாட்டில் இல்லாத பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன என்றும் அறிகிறேன். இந்தக் காரணங்களில் ஒன்றுகூட என் வகுப்பறை அனுபவத்தோடு பொருந்தவில்லை. ஆனாலும் என்னை மிகவும் கலங்க வைத்தது, துணுக்குகள் போதும் என்ற அந்த ஒரு வரிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1945 ஜனவரியில் இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரொஸெலினி ‘ரோம், ஓப்பன் சிட்டி’ படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கியபோது, ஜெர்மானியப் படை ரோமை விட்டுப் போய் ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன; இத்தாலியின் வடபகுதி இன்னும் அவர்கள் பிடியில் இருந்தது. 1937-இல் முசோலினி ஆட்சி பெருமிதத்தோடு திறந்துவைத்த சினெசித்தா படப்பிடிப்பு நிலையம் குண்டுவீச்சில் சேதமடைந்து, வீடிழந்தவர்களின் அகதி முகாமாகிவிட்டிருந்தது. படச்சுருளுக்கும் பணத்துக்கும் கடும் தட்டுப்பாடு. கிடைத்த வகை வகையான சுருள்களில் ஒலியில்லாமல் படம்பிடித்து, உரையாடலைப் பின்னர் சேர்த்தார்கள். தெருவில் எடுத்ததும், அரங்கத்தின் வழவழப்பு இல்லாத வெளிச்சமும், தொழில்முறை நடிகர்களோடு சாதாரண மனிதர்களைக் கலந்ததும் இன்று பாடநூல்களில் ‘நியோரியலிசத்தின்’ (போரையொட்டி இத்தாலியில் எழுந்த யதார்த்தப் படப் போக்கின்) இயல்புகள் என்று வரிசையாக அச்சிடப்படுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அவை யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பாணி என்றே தோன்றும். ஓர் ஊர் இடிந்து கிடந்ததால் வேறு வழியின்றிப் பிறந்து, பிறகு அந்த வழியே உண்மைக்கு நெருக்கமானது என்று கண்டுகொள்ளப்பட்டது என்பதை, படத்தையும் அதன் காலத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மட்டுமே உணர முடியும். இரண்டு மணி நேரத்தில் இத்தாலி, ஜப்பான், பிரான்ஸ், வங்காளம், போலந்து என்று ஓடும் விரிவுரையில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது?

துணுக்கு என்ன செய்யும் என்பதை நானே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பருவத் தேர்வு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால் வகுப்புகள் குறைந்துபோயின. வேலைக்குத் தேவையான சைக்கிள் திருடுபோக, அதைத் தேடி ஓர் ஏழைத் தந்தையும் மகனும் ரோமில் அலையும் கதை, இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ தெ சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அந்தப் படத்தின் கடைசி ஏழு நிமிடங்களை மட்டும் காட்டி, மீதிக் கதையை நான் வாயால் சொல்லி முடித்தேன். அது என் தவறு. அந்த அணியிடம் இன்றுவரை எனக்கு அந்தக் கடன் இருக்கிறது. அவர்களில் பலர் தேர்வுத்தாளில், ‘சைக்கிளைத் திருடிய ஒருவர் பொதுமக்களிடம் பிடிபட்டு அவமானப்படுகிறார்’ என்று எழுதினார்கள். ஒரு மாணவர், சைக்கிள் இறுதியில் கிடைத்துவிடுவதாகவே எழுதியிருந்தார்; இணையத்தில் பார்த்த ஒரு கதைச்சுருக்கக் காணொளியில் அப்படித்தான் புரிந்துகொண்டதாகச் சொன்னார்.

மறு ஆண்டு, அதே படத்தை முழுதாகக் காட்டினேன். தொடக்கத்திலேயே, அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க அந்தோனியோவின் மனைவி மரியா வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவிக் கழுவிக் கட்டி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூரையைத் தொடும் அடுக்குகளில் ஏணிபோல ஏறிச் செல்கிறார். அந்த அடுக்குகள் முழுவதும் இதைப்போலவே அடகு வைக்கப்பட்ட விரிப்பு மூட்டைகள். ஒரு குடும்பத்தின் துயரம் என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நகரத்தின் துயரமாகிவிடும் அந்த நொடியில் எவரும் ஒரு சொல் பேசுவதில்லை, இசையும் எதையும் சொல்லித் தருவதில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அந்தோனியோ அடுத்தவர் சைக்கிளின்மீது கைவைக்கும்போது, அந்த அடுக்குகளும் அந்த விரிப்புகளும் நம் மனத்தில் இருக்க வேண்டும். இருந்தால்தான் மகன் புரூனோ தந்தையின் கையைப் பற்றுவது என்ன என்று விளங்கும். அன்று படம் முடிந்து விளக்கைப் போட்டபோது ஒரு மாணவர் எழுந்திருக்கவில்லை. தவணை கட்ட முடியாமல் பறிமுதல் செய்யப்பட்ட தன் தந்தையின் இருசக்கர வாகனத்தைத் திரும்பக் கேட்க, பன்னிரண்டு வயதில் அவரோடு ஒரு கிடங்கின் வாசலில் காலை முதல் மாலை வரை நின்றதை அவர் பிறகு தன் ஒப்படைப்பில் எழுதினார். கட்டுரையின் கடைசிப் பக்கம் முழுவதும், புரூனோவின் உயரத்திலிருந்து கேமரா எந்தெந்த இடங்களில் பார்க்கிறது என்பதைப் பற்றியது. தொழில்நுட்பத்தை அவ்வளவு நுட்பமாகக் கவனித்த ஒப்படைப்பை நான் அதற்குமுன் வாசித்ததில்லை. முழுப் படம் தந்ததற்கும் ஏழு நிமிடங்கள் தந்ததற்கும் இடையிலான வேறுபாடு இதுதான்.

இந்தப் படத்தின் பின்னணியும் பாடமே. ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்ட் நடிப்பதாக இருந்தால் பணம் போடத் தயார் என்றார் ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக். தெ சிகா அதை ஏற்கவில்லை. லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். வேலையில்லாதவராக நடித்த அந்தத் தொழிலாளி படம் முடிந்து ஆலைக்குத் திரும்பியபின் உண்மையிலேயே வேலையை இழந்தார். ஏழை மனிதரின் முகத்தைத் திரைக்குக் கொண்டுவருவதில் கலைஞருக்கு இருக்கும் பொறுப்பு என்ன என்ற கேள்வியை, ஒவ்வோர் ஆண்டும் இந்தச் செய்தியிலிருந்துதான் எங்கள் வகுப்பில் தொடங்குகிறோம். கைப்பேசியோடு குடிசைப் பகுதிக்குள் போய்க் காணொளி எடுக்கும் தலைமுறைக்கு இதைவிட அவசியமான கேள்வி எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

பொறுமை பற்றிச் சொல்கிறேன். தெ சிகாவும் எழுத்தாளர் செஸாரே சவாத்தினியும் 1952-இல் தந்த ‘உம்பர்ட்டோ டி’ படத்தில் ஒரு விடியற்காலைக் காட்சி உண்டு. வீட்டு வேலை செய்யும் இளம்பெண் எழுந்து தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். ஜன்னல் வழியே கூரைமேல் நடக்கும் பூனையைப் பார்க்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீரால் விரட்டுகிறாள். தன் வயிற்றைக் குனிந்து பார்க்கிறாள். மணமாகாத அவள் கருவுற்றிருப்பது நமக்கு முன்பே தெரியும். உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைத்தபடியே, எழுந்திருக்காமல் காலை நீட்டிக் கதவைச் சாத்தப் பார்க்கிறாள். கண்ணில் நீர் வழிகிறது. கதையை முன்னகர்த்தும் நிகழ்ச்சி எதுவும் இதில் நடப்பதில்லை. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸேன், ஒரு மனிதரின் வாழ்வில் கழியும் நேரத்தையே சினிமா படம்பிடிக்க முடியும் என்பதற்கு இந்தக் காட்சியை உயர்ந்த சான்றாகக் கொண்டார்.

இந்தக் காட்சியின்போது வகுப்பில் நடப்பதைப் பதினோரு முறை பார்த்திருக்கிறேன். படம் தொடங்கிய முதல் கால் மணி நேரம் நாற்காலிகள் கிறீச்சிடும். இரண்டு மூன்று கைப்பேசிகளின் வெளிச்சம் முகங்களில் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக அணையும். சமையலறைக் காட்சி வரும்போது மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும். சென்ற ஆண்டு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவி, ‘எங்கள் அம்மா நான்கு மணிக்கு எழுந்து என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை’ என்று எழுதி, அந்த வார இறுதியில் ஊருக்குப் போய்த் தன் தாயின் விடியற்காலையை ஒரே கோணத்தில் பதினோரு நிமிடங்கள் வெட்டில்லாமல் படம்பிடித்து வந்தார். அந்தப் பதிவைத் துறைத் திரையிடலில் குழு உறுப்பினர்களில் இருவர் எழுந்து நின்று பாராட்டினீர்கள். அதற்கான விதை இன்று நீக்கப்படும் தாளில் இருந்தது என்பதை அன்று நான் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமை மாணவர்களிடம் ஏற்கெனவே இருந்தாக வேண்டிய தகுதி என்று சுற்றறிக்கை கருதுகிறது. இருட்டான ஓர் அறையில், பிறரோடு சேர்ந்து, ஒரு முழுப் படத்தின்முன் உட்கார்ந்திருப்பதால் அது வளர்கிறது என்பதே நான் கண்டது.

‘உம்பர்ட்டோ டி’ இன்னொரு காரணத்தாலும் இந்த மடலுக்குப் பொருந்துகிறது. 1949-இல் இத்தாலியில் கொண்டுவரப்பட்ட திரைப்படச் சட்டம் உள்நாட்டுப் படங்களுக்கு அரசின் பண உதவியைத் தந்தது. அந்த உதவிக்கு முன்னதாகத் திரைக்கதையைப் பார்வையிடும் உரிமையையும் அரசு எடுத்துக்கொண்டது. அத்துறையைக் கவனித்த துணைச் செயலர் ஜூலியோ அந்த்ரெயோத்தி, ‘உம்பர்ட்டோ டி’ வெளியானதும் தெ சிகாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஓய்வூதியம் போதாமல் அறை வாடகைக்கு அல்லாடும் முதியவரையும் அவருடைய நாயையும் காட்டும் அந்தப் படம், உலகின் கண்ணில் இத்தாலியைத் தாழ்த்திவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. படம் வசூலிலும் தோற்றது. தடை உத்தரவு எதுவும் இல்லாமலேயே, பணம் போகும் வழியைத் திருப்புவதன் மூலம் ஒரு கலைப்போக்கைத் தளர்த்திவிட முடியும் என்று அந்த ஆண்டுகள் காட்டுகின்றன. ஒரு பாடத்தை ஒழிக்கவும் அதை இழித்துப் பேச வேண்டியதில்லை. நேரத்தையும் அறையையும் எடுத்துக்கொண்டால் போதுமானது. தங்கள் நோக்கம் அதுவென்று நான் சொல்லவில்லை. விளைவு அதுவாகத்தான் இருக்கும்.

‘வெளிநாட்டுப் பழைய படங்கள்’ என்று சுற்றறிக்கை குறிப்பிடும் சொற்றொடரையும் மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறேன். உலக சினிமா என்ற ஒன்று உலகத்துக்கே அறிமுகமானது இந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான். போரில் தோற்ற ஜப்பானில், நேச நாட்டுப் படையின் ஆட்சி 1945 நவம்பரில் பதின்மூன்று கருப்பொருள்களைத் தடைசெய்து, வாள்வீரர் படங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. அந்த ஆட்சி முடியும் முன்பே, 1950-இல் அகிரா குரோசாவா ‘ராஷோமோன்’ எடுத்தார். ஒரு கொலையைப் பற்றி நால்வர் நான்கு விதமாகச் சொல்லும் அந்தக் கதையை, தயாரித்த டாயேய் நிறுவனத்தின் தலைவரே புரியவில்லை என்றார். ஜூலியானா ஸ்த்ராமிஜொலி என்ற இத்தாலியப் பெண்மணி அதைப் பார்த்து வெனிஸ் விழாவுக்குப் பரிந்துரைத்தார். படம் அங்கே போனதே குரோசாவாவுக்குத் தெரியாது. 1951-இல் அது தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது.

அடுத்த சில மாதங்களிலேயே அந்தப் படம் நம் நாட்டுக்கு வந்தது. 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா, தில்லி, கல்கத்தா நகரங்களைப் போலவே சென்னைக்கும் வந்தது. ‘ராஷோமோன்’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘ரோம், ஓப்பன் சிட்டி’, ‘மிராக்கிள் இன் மிலான்’ ஆகியவற்றை இந்தியத் திரையுலகினர் பலர் முதன்முதலாகப் பார்த்தது அந்த விழாவில்தான். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ தந்த உந்துதலில் பிமல் ராய் 1953-இல் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதலில் எஸ். பாலசந்தர், ஏ.வி.எம். தயாரிப்பில் 1954-இல் ‘அந்த நாள்’ எடுத்தார். பாடலோ நடனமோ சண்டைக் காட்சியோ இல்லாமல், ஒரு கொலையைச் சுற்றிப் பலர் பார்வையில் விரியும் தமிழ்ப் படம். ‘அந்த நாள்’ நம் துறையின் ‘தமிழ்த் திரைப்பட வரலாறு’ தாளில் இருக்கிறது. அதற்கு ஊற்றாக இருந்த படத்தை மட்டும் எடுத்துவிட்டால், பாலசந்தர் எதைத் துணிந்து செய்தார், எதைத் தமிழுக்கென மாற்றினார் என்று மாணவர் எப்படி அறிவார்?

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்கிறீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அறை பூட்டப்பட்டிருந்தபோது, ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை வீட்டிலிருந்தே பார்த்துவரச் சொன்னேன். முப்பத்தெட்டு மாணவர்களில் படத்தின் முழு வடிவத்தை முறையான துணைத்தலைப்போடு பார்த்தவர்கள் ஆறு பேர். சிலருக்குக் கிடைத்தது இயந்திரம் மொழிபெயர்த்த துணைத்தலைப்பு. அதில் பல இடங்களில் மாமியாரும் மருமகளும் இடம் மாறியிருந்தார்கள். பலருக்குக் கிடைத்தது, பழைய சதுரத் திரைக்கு எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பிய வடிவம். ஓசு பாய்க்கு அருகே தாழ்வாகக் கேமராவை வைத்து, கதவுச் சட்டங்களாலும் தூண்களாலும் ஒவ்வொரு காட்சியையும் கட்டியவர். கேமரா நகர்வதே அவரிடம் மிக அரிது. இழுக்கப்பட்ட வடிவத்தில் அந்தக் கட்டுமானம் குலைந்து, முகங்கள் ஊதி, நடிகை சேத்சுகோ ஹாராவின் புன்னகை கேலிச்சித்திரமாகியிருந்தது. எஞ்சியவர்கள் பத்து நிமிட விளக்கக் காணொளியைப் பார்த்து வந்தார்கள். ‘பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை’ என்பது அவர்களுடைய ஒரே வரி.

அறை மீண்டும் திறந்தபின் அதே மாணவர்களுக்கு, அவர்கள் கேட்டதன்பேரில், ஒரு சனிக்கிழமை அந்தப் படத்தை மீண்டும் காட்டினேன். 136 நிமிடங்கள். ஒனோமிச்சியிலிருந்து பிள்ளைகளைக் காண வந்த முதிய தம்பதியரை, வீட்டில் இடைஞ்சல் என்று அடாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை கடலோரச் சுவரில் அமர்ந்திருந்துவிட்டு எழும்போது அம்மாவுக்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது. அந்த ஒரு கணத்தை எந்த விளக்கக் காணொளியும் குறிப்பிடவில்லை. எங்கள் அறையில் அந்த இடத்தில் பலர் மூச்சை இழுத்துக்கொண்டதை நான் கேட்டேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் அன்று மாலை வராந்தாவில் நின்று வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ மட்டும் ஏன் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு ஊர் சுற்றுகிறாள், பெற்ற பிள்ளைகள் கெட்டவர்களா அல்லது வெறுமனே நேரமில்லாதவர்களா என்ற விவாதம் இரண்டு வாரம் நீண்டது. 1953-இல் வெளிவந்த இந்தப் படத்தை, ‘மேலைநாட்டாருக்குப் புரியாத அளவுக்கு ஜப்பானியத்தன்மை கொண்டது’ என்று பல காலம் வெளிநாடுகளுக்கு அதிகம் அனுப்பாமலே வைத்திருந்தார்கள். 2012-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் பிரிட்டிஷ் திரைப்பட இதழின் கருத்துக்கணிப்பில் உலக இயக்குநர்கள் அதற்கு முதலிடம் தந்தார்கள். பார்வையாளருக்குப் புரியாது என்று அவர்கள் சார்பில் முடிவெடுப்பது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சத்யஜித் ராய் 1950-இல் விளம்பர நிறுவனப் பணிக்காக லண்டன் சென்று, சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அவரைத் திரும்பி வந்ததும் படமெடுக்கத் துணிய வைத்தது. ‘பதேர் பாஞ்சாலி’க்கு அவர் அமர்த்திய ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 21 வயது, சினிமாக் கேமராவை அதற்குமுன் இயக்கியதே இல்லை. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில், காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா அரங்கத்துக்குள் அமைத்தபோது, திறந்த வானிலிருந்து வரும் நிழலற்ற வெளிச்சம் எப்படிக் கிடைக்கும் என்ற சிக்கல் எழுந்தது. மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி வந்த வெளிச்சத்தில் படம்பிடித்தார். நம் துறையில் விளக்குகள் நான்கே உள்ளன. கடைசிப் பருவக் குறும்படங்களில் மாணவர்கள் பழைய வேட்டியை விட்டத்தில் கட்டி ஒளியமைப்பது இந்தப் பாடத்திலிருந்து வந்தது. என்னிடம் படித்து இன்று திருமண ஒளிப்பதிவில் நிலைபெற்றிருக்கும் ஒருவர், மண்டபத்தின் கடுமையான வெளிச்சத்தை இந்த முறையில் மென்மையாக்குவதாகச் சொன்னார். வேறு இருவர் படத்தொகுப்பில் உதவியாளர்களாக இருக்கிறார்கள். இவர்களுடைய பிழைப்புக்கு இந்தத் தாள் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். உதவுவதில்லை என்ற வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியாது.

அந்த அறையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஜன்னல்களில் கறுப்புத் துணி, ஒரு புரொஜெக்டர், சுண்ணாம்பு அடித்த சுவர், நாற்பத்தெட்டு நாற்காலிகள், அவ்வளவுதான். பழைய படங்களைத் தேடிச் சேர்த்துக் காத்த ஆன்றி லாங்லுவா பாரிஸின் மெஸீன் அவென்யூவில் 1948-இல் திறந்த சினிமாத்தேக் (திரைப்படக் காப்பகம்) அரங்கில் ஏறத்தாழ அறுபது இருக்கைகளே இருந்தன. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஒளித்துவைத்துக் காப்பாற்றிய படங்களையும், பிற நாடுகளிலிருந்து தேடிச் சேர்த்தவற்றையும் அவர் அங்கே நாள்தோறும் காட்டினார். அந்தச் சிறிய அரங்கின் முன்வரிசைகளில் உட்கார்ந்து பார்த்த இளைஞர்களில், பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர்களான பிரான்சுவா த்ரூஃபோ, ழான் லூக் கொதார், ழாக் ரிவெத் ஆகியோர் இருந்தார்கள். படமெடுக்கும் பள்ளியில் அவர்கள் கற்கவில்லை. பார்த்துக் கற்றார்கள், வாதிட்டுக் கற்றார்கள். 1959-இல் ‘400 ப்ளோஸ்’ படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றபோது த்ரூஃபோவுக்கு வயது 27. தன்னைச் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து மீட்டு, படிப்பும் பார்வையும் தந்த பஸேனின் நினைவுக்கு அந்தப் படத்தைக் காணிக்கையாக்கினார். 1968 பிப்ரவரியில் அரசு லாங்லுவாவைப் பதவியிலிருந்து இறக்கியபோது, உலகெங்கும் இருந்து இயக்குநர்கள் தங்கள் படங்களை அங்கே திரையிடக் கூடாது என்று தந்தி அடித்தார்கள். இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். நம் நாற்பத்தெட்டு நாற்காலிகளுக்காகத் தந்தி அடிக்க எவரும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

குறுங்காணொளித் தயாரிப்பைக் கற்பிக்க வேண்டும் என்ற தங்கள் எண்ணத்துக்கு நான் எதிரானவர் அல்ல. அது இன்றைய தொழில். மாணவர்கள் அதைக் கற்கட்டும். என் தாளிலும் குறைகள் உண்டு. போலந்தின் லோட்ஸ் திரைப்படப் பள்ளிக்கும், சோவியத் நாட்டின் 1957-க்குப் பிந்தைய படங்களுக்கும் நான் தரும் இடம் போதாது. லத்தீன் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் கடைசி வாரத்தின் அவசரத்தில் கடந்துபோகின்றன. அமெரிக்கத் திரையரங்குகளின் மீதான பெருநிறுவனங்களின் பிடியை 1948-இல் உடைத்த தீர்ப்பையும், ரொஸெலினியின் ஒரு படத்தை முன்னிட்டு 1952-இல் திரைப்படமும் கருத்துரிமைக்கு உட்பட்டதே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அறிவித்ததையும் ஊடகச் சட்டத் தாளோடு இணைத்து நடத்தலாம் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். திருத்துவதற்கு இவ்வளவு இருக்கும்போது நீக்குவதை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். ‘உலக சினிமா வரலாறு: 1940–1965’ தாளை அடுத்த கல்வியாண்டிலும் மூன்றாம் பருவத்தில், நான்கு கிரெடிட்டுகளோடு, தனித் தாளாகவே தொடர வேண்டும், கட்டாயத் தாளாக வைப்பது இயலாதென்றால் விருப்பத் தாளாகவேனும் வைத்து, எத்தனை மாணவர்கள் சேர்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒரு பருவத்தில் குறைந்தது பத்துப் படங்களையாவது முழுநீளமாகத் திரையிட, வெள்ளிக்கிழமை பிற்பகலின் மூன்று மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். மூன்றாம் மாடி அறையை வெள்ளிக்கிழமைகளில் திரையிடலுக்கும் மற்ற நாள்களில் பதிவுக்கும் பகிர்ந்துகொள்ளலாம். கறுப்புத் துணியைக் கழற்றி மாட்ட நானும் மாணவர்களும் பொறுப்பேற்கிறோம். அலமாரியில் உள்ள டிவிடிகளைக் கழிவுப் பட்டியலிலிருந்து இன்றே நீக்கி, நூலகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவற்றில் பலவற்றை மாணவர்கள் தங்கள் கைப்பணத்தில் வாங்கித் துறைக்குத் தந்தார்கள். இந்த முடிவை எடுத்த கூட்டத்தின் குறிப்புகளைத் துறை ஆசிரியர்கள் அனைவரும் பார்க்கத் தர வேண்டும். கல்விக்குழு இறுதி ஒப்புதல் தருமுன், இந்தத் தாளைப் படித்து முடித்த மாணவர்களில் சிலரையாவது நேரில் அழைத்துக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்றும் கேட்கிறேன். இந்தப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, அந்த அறையில் ‘உம்பர்ட்டோ டி’ திரையிடப்படும். படம் ஒன்றரை மணி நேரம். குழு உறுப்பினர்கள் அனைவரும் வந்து, மாணவர்களோடு கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு வாக்களியுங்கள். முன்வரிசையில் இடம் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் பகுதிநேர விரிவுரையாளர்